39 நாள் தாமதம்

2024 ஆகஸ்ட் கடைசி வாரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் தாக்கல் செய்திருந்த ஒரு மருத்துவக் கவனக்குறைவு மனு ரிட்டர்ன் ஆகி வந்தது. ரிட்டர்ன் ஆவது புதிதில்லை. பக்க எண் விட்டுப்போயிருக்கிறது, நகல் குறைகிறது என்று எதற்காவது திரும்பி வரும். சரிசெய்து மறுபடி கொடுப்போம். அன்று வந்த சீட்டில் ஒரே வரிதான் இருந்தது. வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடுவதற்கான காரணம், எழுந்த நாள் எது, மனு காலவரம்புக்குள் வருகிறதா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வழக்குக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். 47ஆம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் 22 வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். பாதிக்கு மேல் மருத்துவ வழக்குகள். பெரும்பாலும் நோயாளிகள் தரப்பு, சில சமயம் டாக்டர்கள் தரப்பு. டாக்டர்களைக் குறுக்கு விசாரணை செய்யும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இரண்டு: ‘இதை நோயாளியிடம் சொன்னீர்களா? சொன்னதை எழுதி வைத்தீர்களா?’ அந்த இரண்டு கேள்விகளையும் என்னை நோக்கிக் கேட்டுக்கொள்ளும் நிலைமை அந்த 47ஆம் பக்கத்தால் வந்தது. கட்சிக்காரரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

கட்சிக்காரரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் மகனுக்கு அப்போது 27 வயது. பித்தப்பையில் கல். 2022 ஜூன் 9 அன்று ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி செய்து பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலும் வயிற்று வலியும் விடவில்லை, கண் மஞ்சளித்தது. திரும்பப் போய்க் கேட்டால் ‘கேஸ் டிரபிள்தான், சரியாகிவிடும்’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்படியே மூன்று வாரம். கடைசியில் மதுரைக்குப் போய் ஜூலை 4ஆம் தேதி, பித்த நாளங்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் வரும் பொது நாளம் வெட்டுப்பட்டிருப்பது அதில் தெரிந்தது. ஆகஸ்டில் பெரிய ஆபரேஷன். சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு தைத்து இணைத்தார்கள். ஆகஸ்ட் 24 டிஸ்சார்ஜ்.

இந்த இடத்தில் டாக்டர்கள் பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பித்தப்பையிலிருந்து வரும் சிறு நாளமும் பொது நாளமும் அருகருகே இருக்கின்றன. வீக்கம் இருந்தால் ஒன்றை இன்னொன்றாக நினைத்து கிளிப் போட்டு வெட்டிவிடுவது கைதேர்ந்த சர்ஜன்களுக்கும் நடந்திருக்கிறது. அது நடந்துவிட்டது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது. விளைவு மோசம் என்பது மட்டும் குற்றமில்லை என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த வழக்கின் பலம் ஆபரேஷனில் இல்லை, அதற்குப் பிறகு வந்த அந்த மூன்று வாரத்தில் இருந்தது. கண் மஞ்சளித்து வந்தவனுக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுக்கவில்லை, சந்தேகம் இருக்கிறது, பெரிய இடத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. இதைத்தான் மனுவில் எழுதியிருந்தேன்.

இனி என் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69. வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். அண்ணாச்சி என்னிடம் வந்தது 2024 பிப்ரவரியில். நேரம் தாராளமாக இருந்தது. ஜூனியர் காகிதங்களை வாங்கி அடுக்கிக் கட்டு போட்டார். நான் மேலே இருந்த கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து, 24.8.2022 என்ற தேதியை மனதில் ஏற்றிக்கொண்டேன். 2024 ஆகஸ்ட் 24 வரை நேரம் இருக்கிறது என்று ஒரு கணக்கு. டைரியில்கூட அதை எழுதவில்லை. மே 10ஆம் தேதி மருத்துவமனைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். ஜூனில் எதிர்தரப்பு வக்கீல் போன் செய்து, ‘பேசி முடித்துக்கொள்ளலாமா’ என்று கேட்டார். பேசினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 12 மனு தாக்கல்.

47ஆம் பக்கத்தில் இருந்தது ஜூலை 4ஆம் தேதி ஸ்கேன் ரிப்போர்ட். நாளம் வெட்டுப்பட்டது குடும்பத்துக்குத் தெரிந்த நாள் அதுதான். அங்கிருந்து 2 வருடம் எண்ணினால் கடைசி நாள் 2024 ஜூலை 4. நான் தாக்கல் செய்தது 39 நாள் கழித்து. தாமத மன்னிப்பு மனுவும் கூடக் கொடுக்கவில்லை, தாமதம் என்றே எனக்குத் தெரியாதே.

சிகிச்சை முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வாதாடலாம். வாதாட இடமும் உண்டு. ஆனால் 2010இல் ஸ்ரீகண்டே வழக்கு என்று ஒன்று வந்தது. 1993இல் நடந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றும் காஸ் துணி விட்டுப்போய், 2002இல் இன்னொரு ஆபரேஷனில் அதை எடுத்து, 2004இல் அந்தப் பெண் வழக்குப் போட்டார். அத்தனை வருடம் வலி இருந்தபோது அந்த டாக்டரிடமே போய் விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்லி, மனு காலம் கடந்தது என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தொடர்ந்து வலி இருப்பதே ஓர் அறிவிப்பு என்பது அதன் சாரம். எங்கள் வழக்கிலோ கையில் ரிப்போர்ட்டே இருக்கிறது. வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் இந்தக் கேள்வியை யோசித்து ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது வேறு. நான் யோசிக்கவே இல்லை, மேலே கிடந்த தாளின் தேதியை எடுத்துக்கொண்டேன். அதுதான் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

குமாஸ்தா 30 வருட அனுபவம் உள்ளவர், என் மேல் பாசம் உள்ளவர். சீட்டைப் பார்த்ததும் சொன்னார்: ‘மேடம், ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். ஜூன் கடைசியிலேர்ந்து பையனுக்கு மறுபடி மஞ்சக்காமாலை, படுத்த படுக்கைன்னு ஒரு அஃபிடவிட். ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாம். அவனுக்கு ஏற்கெனவே வந்ததுதானே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.’

கோர்ட்டுப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இந்த மஞ்சள் காமாலையைத் தெரியும். தாமத மன்னிப்பு மனு என்றால் கை தானாக அதை எழுதும். நம் ஊரில் எத்தனை ஆயிரம் அஃபிடவிட்டில் எத்தனை ஆயிரம் பேர் காமாலையில் படுத்திருக்கிறார்கள்! இந்தப் பையனுக்கு 2022இல் நிஜமாகவே காமாலை வந்தது. அதை மருத்துவமனை கவனிக்காமல் விட்டது என்பதுதான் வழக்கே. அதே வியாதியைப் பொய்யாக 2024க்குக் கொண்டுவந்து அவன் கையெழுத்தை வாங்கினால், நாளைக்குக் கூண்டில் ஏற்றி, ‘ஜூலையில் நீங்கள் ஷோரூமுக்கு வேலைக்குப் போகவில்லையா? வருகைப் பதிவேடு இருக்கிறதே’ என்று எதிர்தரப்பு கேட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு பொய்யில் அவன் சொன்ன மற்ற எல்லாமும் அடிபட்டுப் போகும். என் தவறை மறைக்க அவனைப் பொய்ச் சத்தியம் செய்ய வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தூங்கவில்லை.

அந்த வருடம் மே 14ஆம் தேதி வந்த தீர்ப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வக்கீல்கள் தரும் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு. 2007இல் தேசிய ஆணையம் ‘வரும்’ என்று சொன்னதை இது மாற்றியது. கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில், அவர் சொல்வதற்கு இணங்க வக்கீல் நடக்கிறார், ஆகவே இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்பது காரணம். டாக்டர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995 சாந்தா தீர்ப்பையும் பெரிய அமர்வு மறுபடி பார்க்கலாம் என்று அதே தீர்ப்பில் சொன்னார்கள். நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அதற்குத் தேவை எழவில்லை என்று விட்டுவிட்டது. ஆக டாக்டர்கள் உள்ளே, வக்கீல்கள் வெளியே.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் வக்கீல் சங்க அறையில் நல்ல சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். தோற்றவர்கள் எல்லாம் வக்கீல் மேல் வழக்குப் போட்டால் தொழில் நடத்த முடியாது என்பது நியாயமான பயம். ஆனால் அன்று பலர் பேசிக்கொண்டது, ‘இனி நம் மேல் யாரும் கேஸ் போட முடியாது’ என்று. அது தவறு. ஜூனியர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 1926ஆம் வருட வக்கீல் கட்டணச் சட்டம் என்று ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவு, தொழிலில் கவனக்குறைவால் நட்டம் ஏற்பட்டால், வக்கீல் என்ற காரணத்தால் மட்டும் யாரும் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்கிறது. சிவில் கோர்ட்டில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். வக்கீல்கள் சட்டம் 1961, பிரிவு 35இன் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வெறும் கவனக்குறைவு தொழில் ஒழுங்கீனம் ஆகாது, நேர்மைக் கேடும் சேர வேண்டும் என்று தீர்ப்புகள் உண்டு. அந்தப் பொய் அஃபிடவிட்டைப் போட்டிருந்தால் நான் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பேன். 39 நாள் என்பது கவனக்குறைவு. காமாலை சர்டிபிகேட் ஒழுங்கீனம். இந்த வித்தியாசத்தை அந்த இரண்டு ராத்திரியில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சியையும் மகனையும் ஆபீசுக்கு வரச் சொன்னேன். ரிப்போர்ட்டை மேசை மேல் வைத்து, இந்தத் தேதியை நான் பார்க்கவில்லை, அதனால் மனு 39 நாள் தாமதமாகப் போயிருக்கிறது, ஆணையம் மன்னித்தால் வழக்கு நடக்கும், மன்னிக்காவிட்டால் முதலிலேயே தள்ளுபடி ஆகலாம் என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அண்ணாச்சி வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், ‘இப்ப நாங்க என்ன செய்யணும் வக்கீலம்மா?’ என்றார். மகன்தான் நேராகக் கேட்டான்: ‘இது உங்க தப்புன்னு எழுதிக் கொடுப்பீங்களா மேடம்?’

எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். ஆனால் நானே அந்த மனுவை நடத்தக் கூடாது என்றும் சொன்னேன். தாமதத்துக்குக் காரணமே நான் எனும்போது, நான் சாட்சி. என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்குத் தெரியாமலேயே என் வாதத்தில் நுழையும். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் என் மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வாங்கிய பீஸைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டை அன்றே ஒப்படைத்தேன், வக்காலத்து, அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், புது வக்கீல் பெயருக்கு மாற ஆட்சேபணை இல்லை என்று எழுதியும் கொடுத்தேன். பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. அப்படி வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று 2000இலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிக்காரர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: கட்டு உங்களுடையது.

தவறை ஒப்புக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. டாக்டர்கள் பலர் எடுத்துவைத்திருக்கும் தொழில் பொறுப்புக் காப்பீடு வக்கீல்களுக்கும் கிடைக்கும். என்னிடம் அப்போது இல்லை, பிறகுதான் எடுத்தேன். எடுக்கும்போது விதிகளை வரி வரியாகப் படித்தேன். தவறு எந்த நாளில் நடந்தது என்பதைவிட, நட்டஈட்டுக் கோரிக்கை எந்த நாளில் வந்தது என்பதே பெரும்பாலும் முக்கியம்; அந்த நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு செய்த வேலைக்குப் பாதுகாப்பு என்று ஒரு முன்தேதி போட்டிருப்பார்கள், நடுவில் ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டால் அது போய்விடும். இன்னொன்று, கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவோ தொகை பேசவோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். இதைக் காட்டித்தான் பல டாக்டர்கள், ‘வாயைத் திறக்காதே என்கிறார்கள் மேடம்’ என்று சொல்வார்கள். நான் படித்துப் புரிந்துகொண்டது இது: நடந்த உண்மையைக் கட்சிக்காரரிடம் சொல்வது வேறு, இவ்வளவு நட்டஈடு தருகிறேன் என்று ஏற்பது வேறு. முன்னதைத் தள்ளிப்போடக் கூடாது, அவருக்கு அடுத்த வழியைத் தேட நேரம் வேண்டும். பின்னதற்குக் கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பேசலாம்.

புது வக்கீல் தாமத மன்னிப்பு மனு போட்டார். கூட என் அஃபிடவிட். அதில் காமாலை இல்லை, காய்ச்சல் இல்லை. ‘கட்டில் இருந்த 4.7.2022 தேதியிட்ட ரிப்போர்ட்டை நான் கவனிக்கவில்லை’ என்று இருந்தது. வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்ற 1981 ரஃபீக் தீர்ப்பை அவர் காட்டினார். இது எப்போதும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். வழக்கு என்ன ஆயிற்று என்று கட்சிக்காரரும் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாப் பழியையும் வக்கீல் மேல் போட்டுவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் இப்போது கண்டிப்பாகவே சொல்கிறது. இங்கே அண்ணாச்சி மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்திருக்கிறார், ஜூனியரிடம் வாட்ஸ்அப்பில் ‘கேஸ் போட்டாச்சா’ என்று மே மாதமும் ஜூன் மாதமும் கேட்டிருக்கிறார். அந்தச் செய்திகளை அச்செடுத்து வைத்தோம். எதிர்தரப்பைக் கேட்டபின் 2025 பிப்ரவரியில் ஆணையம் தாமதத்தை மன்னித்தது. நுகர்வோர் சட்ட உதவிக் கணக்கில் 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். நான் கட்டினேன்.

அதன்பின் என் ஆபீசில் மாறியவற்றைச் சொல்கிறேன்.

மருத்துவக் கட்டு எது வந்தாலும் வாங்கிய அன்றே ஒரு தாளில் மூன்று தேதிகள்: சிகிச்சை நடந்த நாள், ஏதோ தவறு என்று குடும்பத்துக்கு முதல் சந்தேகம் வந்த நாள், உறுதியாகத் தெரிந்த நாள். மூன்றில் எது முந்தியதோ அதிலிருந்து 2 வருடம் எண்ணி, அதற்கும் 60 நாள் முன்னால் ஒரு தேதியைச் சிவப்பில் எழுதுகிறோம். அந்தத் தாளின் நகல் கட்சிக்காரர் கையிலும் இருக்கும். என் டைரி, ஜூனியர் டைரி, குமாஸ்தா டைரி மூன்றிலும் ஏறும். நோட்டீஸ் அனுப்பினாலும், பதில் வந்தாலும், சமரசம் பேசினாலும் அந்தத் தேதி நகராது. இதை நான் எத்தனை கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருப்பேன்! ஜூன் மாதம் ‘பேசி முடிக்கலாம்’ என்ற ஒரு போனில் நானே அதை மறந்தேன்.

மருத்துவமனை எழுதி வைக்கும் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்காமல் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன். 2002ஆம் வருட மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம்தான் வைத்திருக்கும் கட்டாயம். வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது; நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம் எல்லாமும் வேண்டும். சண்டை தொடங்கும் முன் கேட்டால் பெரும்பாலும் ஒழுங்காகக் கிடைக்கும்.

அப்புறம், அந்தத் துறை படித்த ஒரு டாக்டரிடம் கட்டைக் காட்டாமல் மனு தயாரிப்பதில்லை. எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்துக் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நான் கேட்பது வழக்கை நிரூபிக்க இல்லை, வழக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துகொள்ள. பத்தில் ஆறு ஏழு கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், காரணத்தை எழுத்தில் சொல்லி. துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் ‘இது கவனக்குறைவு இல்லை’ என்று சொல்வது கஷ்டம். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் நிற்காத வழக்கில் ஏழு வருடம் அலைய விடுவது அதைவிடக் கொடுமை.

தொகை பற்றியும் ஒரு வார்த்தை. கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் மேல் போட்ட வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடியும் வட்டியும் தரச் சொன்ன செய்தி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எழும்பூர் அரசு மருத்துவமனைக் குழந்தை வழக்கில் 2015இல் சுமார் 1 கோடியே 80 லட்சம். அந்தத் தொகையைப் பேசுகிறவர்கள் அந்த வழக்கின் மற்ற விவரங்களைப் பேசுவதில்லை. 1996இல் 29ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தை. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. ‘கண்ணை ஒரு தடவை காட்டுங்கள்’ என்ற ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதன் விலை அது. தீர்ப்பு வரும்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது முடிந்திருந்தது. கோடி கேட்டு வருகிறவர்களிடம் இதை முழுதாகச் சொல்கிறேன். கிடைக்கும் தொகையில் பங்கு என்று பீஸ் பேச பார் கவுன்சில் விதி இடம் தராது. அப்படிப் பேசும் வக்கீலிடம் போக வேண்டாம் என்றும் சொல்கிறேன்.

சம்மதப் படிவத்தைப் பற்றி 2008 சமீரா கோலி வழக்கில் ஒரு பாடம் இருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்றது நீதிமன்றம். இதை வைத்து டாக்டர்களை மடக்கியிருக்கிறேன். நாம் வாங்கும் வக்காலத்தைப் பாருங்கள். சமரசம் செய்ய, பணம் பெற, வாபஸ் வாங்க என்று எல்லா அதிகாரமும் அச்சடித்த ஒரே தாளில், படிக்காமலே கையெழுத்து. இப்போது வாபஸ், சமரசம் இரண்டுக்கும் தனியாகத் தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

டாக்டர் தரப்பில் ஆஜராகிறவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. போன வருடம் ஒரு சின்ன நர்சிங் ஹோம் டாக்டர் பதற்றத்தோடு வந்தார். ஆணைய நோட்டீஸ் வந்து 38 நாள் ஆகியிருந்தது, வரவேற்பில் இருந்த பெண் அதைத் தபால்களோடு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். பதிலுரைக்கு 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். 46ஆவது நாள் ஏற்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடித்துவிட்டது. எங்களுக்கு ஏழு நாள் இருந்தது. கேஸ் ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பக்கம் மட்டும் மை புதிதாக இருந்தது. கேட்டேன். ‘நேத்துதான் மேடம் விட்டுப்போனதை எல்லாம் ஞாபகப்படுத்தி எழுதினேன்’ என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோன மனிதர். அந்தப் பக்கங்களை அப்படியே தாக்கல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பின்னால் எழுதியதை, பின்னால் எழுதியது என்று தேதியோடு தனியாகச் சொல்லலாம். அன்று எழுதியதைப் போலக் காட்டினால் நல்ல சிகிச்சையும் பொய்யாகத் தெரியும். அவருக்கு இதைச் சொல்லும்போது என் 47ஆம் பக்கத்தின் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பழைய பக்கங்களோடு மட்டும் பதிலுரை போடச் சம்மதித்தார்.

இளம் வக்கீல்களுக்கு இன்னொரு புது ஆபத்து. ஜூனியர் ஒருவர் ஏ.ஐ. செயலியில் கேட்டு ஒரு தீர்ப்புப் பட்டியல் கொண்டுவந்தார். அதில் இரண்டு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை. பெயர், வருடம், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்தன. 2023இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். எந்தத் தீர்ப்பானாலும் முழுதாகத் திறந்து படித்த பிறகே மனுவில் ஏற வேண்டும் என்பது இப்போது எங்கள் ஆபீஸ் விதி. நோயாளிகளின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘சார், ஒரு கருத்து’ என்று கேட்பதையும் நிறுத்தினோம். அது அவர்கள் உடம்பின் ரகசியம், நம்மை நம்பிக் கொடுத்தது.

அண்ணாச்சி என் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் வழக்கு இப்போது அரசு மருத்துவக் கல்லூரிக் குழுவின் கருத்துக்காக நிற்கிறது. அந்த மூன்று வாரத்தில் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. போன மாதம் கடைக்குப் போனபோது பையன் கல்லாவில் இருந்தான். வயிற்றுத் தழும்பு மழைக்காலத்தில் இழுக்கிறது என்றான். அடுத்த வாய்தா தேதியைச் சொன்னான். கையில் டைரி இல்லை. கடையிலேயே ஒரு துண்டுத் தாள் வாங்கி எழுதிக்கொண்டேன்.